எஸ்தரின் காதும் அரைக்கிலோ களிம்பும்

தோல் பிரிவில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் டாக்டர்களே,

ஓய்வு பெற்றவளிடம் அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் பிடிபடாத நோயை, ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே கண்டுபிடித்த கதை வரும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசிய கதை வரும். நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு அழுத கதை கட்டாயம் வரும். என்னிடமும் அப்படி நான்கைந்து இருக்கின்றன. கல்யாண வீடுகளுக்காக வைத்திருக்கிறேன். இது அங்கே சொல்ல முடியாதது, அதனால் உங்களுக்கு.

விஷயம் சாலிசிலிக் அமிலம். இந்தப் பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் செல்போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். நியாயம்தான். இந்த மருந்துக்காக எந்தக் கம்பெனிப் பிரதிநிதியும் டையரி கொண்டுவந்து கொடுத்ததில்லை, எந்த ஓட்டலிலும் மாநாடு நடந்ததில்லை. செத்த தோலை இளக்கி உரிப்பது அதன் வேலை. கால் ஆணி, மரு, குதிகால் வெடிப்பு, பொடுகு, சோரியாசிஸ் செதில் என்று எதுவானாலும் சத்தம் போடாமல் வேலை செய்யும். இப்போது அதே அமிலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, முகப்பரு போகும் என்று அழகான குப்பியில் அடைத்து விற்கிறார்கள். குப்பிக்குள் போனபிறகு அதற்கு மரியாதை கூடியிருக்கிறது.

நான் நல்லேப்பிள்ளிக்காரி. சொந்த ஊரை ஒட்டிய சித்தூர்ப் பக்கம்தான் முதல் பத்து வருஷம் வேலை பார்த்தேன். வருபவர்கள் எல்லாரும் நெல் விவசாயிகள், எல்லாருக்கும் காலில் வெடிப்பு. அந்த ஊர்க்காரர்களின் குணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே ரகம். ஒரு டப்பா களிம்பு கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கடுகளவு எடுத்து இரண்டு காலுக்கும் தேய்ப்பார்கள். ஒரு பெரியவர் ஆறு மாதம் கழித்துப் பாதி தீர்ந்த டப்பாவோடு வந்து, "ஏனுங்க டாக்டரம்மா, மருந்து கேக்கவே இல்லீங்க" என்று குறைபட்டார். டப்பாவைத் திறந்து பார்த்தேன். அவர் தடவியதைவிட எறும்பு தின்றது அதிகமாக இருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு வாசகம் பழகிப்போனது: "கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நல்லாத் தாராளமாத் தடவுங்க." அதைச் சொன்னால் அவர்கள் கடுகளவை மிளகளவு ஆக்குவார்கள், கால் ஆறிவிடும். எனக்குக் கைராசிக்காரி என்று பெயரும் வந்தது.

இந்தக் கைராசியோடுதான் என்னை மலைக்கு மாற்றினார்கள். சக்குபள்ளத்துக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருபது கட்டில் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் நான் ஒருத்தி. தோலுக்குப் படித்திருந்தாலும் காய்ச்சலும் நானே, பிரசவமும் நானே, பாம்புக்கடியும் நானே. எனக்குத் துணையாகக் கோட்டயத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருந்தார். சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்கு என் கைராசியில் பெரிய நம்பிக்கை இல்லை என்பதை முகத்திலேயே வைத்திருப்பார்.

எஸ்தர் வந்தது ஆடி மழையில். ஏலக்காய் எடுக்கும் பெண், நாற்பது வயதிருக்கும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சோரியாசிஸ், கெட்டியான வெள்ளைச் செதில். அவளுக்கு அரிப்பைவிடப் பெரிய தொல்லை ஜீப். தோட்டத்து ஜீப்பில் பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போவார்கள். எஸ்தர் இறங்கினால் இருக்கையில் செதில் தவிடு மாதிரி கிடக்கும். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் நியாயமான மனிதர், அதனால் நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார்: சரியாகும்வரை நடந்து வா. நடந்து வந்தால் பேர் வாசிக்கும் நேரம் முடிந்திருக்கும். பேர் இல்லையென்றால் வேலை இல்லை. இரண்டு மாதம் இப்படிப் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள்.

"சீக்கிரமாக் கேக்குற மருந்தா குடுங்க டாக்டரம்மா. என்ன சொன்னாலும் செய்றேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன்? இது ஒட்டுகிற நோய் இல்லை என்று அவளுக்குக் கால்மணி நேரம் விளக்கினேன். அது அவளுக்கு முன்பே தெரியும். இருபது வருஷமாக அவள் புருஷன் சாமுவேல் பக்கத்தில்தான் படுக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை. ஜீப்பில் வருகிற பதினேழு பேரிடம் சொல்ல வேண்டியதை, தெரிந்த ஒருத்தியிடம் சொல்லி முடித்த திருப்தியில் மருந்து எழுதினேன். சாலிசிலிக் அமிலக் களிம்பு. எங்கள் மருந்தறையில் மொத்தமாகக் கலக்கி அரைக்கிலோ டப்பாவில் வைத்திருப்பார்கள். கூடவே, பழக்க தோஷத்தில், என் புகழ்பெற்ற வாசகத்தையும் சொல்லி அனுப்பினேன். நல்லாத் தாராளமாத் தடவு.

நல்லேப்பிள்ளியில் டாக்டர் சொல்வது ஒரு யோசனை. வீட்டுக்குப் போய், மச்சானைக் கேட்டு, பக்கத்து வீட்டைக் கேட்டு, அதில் கால்வாசியைச் செய்வார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் மூன்று தலைமுறையாக விசிலுக்கு எழுந்து விசிலுக்கு உட்கார்ந்தவர்கள். அங்கே டாக்டர் சொல்வது உத்தரவு. இந்த வித்தியாசத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்திருக்கலாம், கண் இருந்தது.

பத்து நாள் கழித்து வந்தாள். காலைக் காட்டினாள். முக்கால்வாசி செதில் போய், தோல் இளஞ்சிவப்பாக, புதுசாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை வந்தது. மாநாட்டில் காட்டலாம் என்று செல்போனில் நான்கு படம் எடுத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, வரிசை வாசல்வரை நின்றது.

"டாக்டரம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கு. நிக்கவே மாட்டேங்கு. தலையும் வலிக்கு" என்றாள்.

நீங்கள் ஏலமலைக்குப் போயிருந்தால் தெரியும், அங்கே சில்வண்டுகளுக்கு நடுவில்தான் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சக்குபள்ளத்தில் சில்வண்டு கேட்காத காது ஒன்றைக் காட்டினால் நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். தலைவலிக்கு வழக்கமாகப் போடுகிற மாத்திரையையே போட்டுக்கொள் என்றேன். அது என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. இன்னொரு அரைக்கிலோ டப்பா வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போனாள்.

நான்காம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது. எஸ்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி எடுத்திருந்தாள். ஓடிவந்தவள் மாதிரி வேகவேகமாக, ஆழமாக மூச்சு வாங்கினாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை டிரைவர் வழியிலேயே முடித்திருந்தார். "மருந்து குடிச்சிட்டா டாக்டரம்மா" என்றார். தோட்டத்தில் மருந்து என்றால் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. வருஷத்துக்கு மூன்று நான்கு பேராவது அப்படி வருவார்கள். வேலை போகப்போகிறது, பெண்கள் ஒதுக்குகிறார்கள், வீட்டில் ஏதோ சண்டை. கதை கச்சிதமாகப் பொருந்தியது. நானும் நம்பினேன். பூச்சிமருந்துக்கு மாற்று ஊசியை எடுக்கச் சொல்லி, சிரிஞ்சில் ஏற்றிக் கையில் பிடித்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கூட்டம் ஒரு பதிலைக் கையில் கொடுக்கும்போது அது நல்ல வெதுவெதுப்பாக இருக்கும். வாங்கிக்கொள்ளத்தான் தோன்றும். பூச்சிமருந்து குடித்தவர்களின் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் ஒழுகும். எஸ்தரின் கண்மணி சாதாரணமாக இருந்தது, நாக்கு காய்ந்து கிடந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். பார்த்த பிறகும் சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை.

நிறுத்தியது சிஸ்டர். நனைந்த துணியை மாற்றப் பாவாடையைத் தளர்த்தியவர், "டாக்டரே, இவிடே பாருங்க" என்றார்.

பாவாடைக்கு உள்ளே, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, உரச்சாக்கின் உள்ளே வருமே அந்த பிளாஸ்டிக் தாள், சுற்றிச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. மழையில் காய் எடுக்கிறவர்கள் நனையாமல் இருக்க எல்லாரும் பாவாடைக்கு மேலே கட்டுவார்கள். எஸ்தர் உள்ளேயும் ஒன்று கட்டியிருந்தாள், களிம்பு துணியில் ஒட்டி வீணாகிவிடக் கூடாதே என்று. தாளை அவிழ்த்தோம். தோசைக்கு மாவு ஊற்றினாற்போல அத்தனை கனத்தில் களிம்பு, உடம்புச் சூட்டில் இளகி வழிந்தது. தாராளமாகத் தடவியிருந்தாள். காலை, மத்தியானம், சாயங்காலம், பதினான்கு நாள்.

"அன்றைக்கு அத்ர மழை பெய்தது டாக்டரே. மழையில் எந்தச் சீவீடு கரையும்?" என்றார் சிஸ்டர்.

சீவீடு என்று அவர் சொன்ன சில்வண்டு அடைமழையில் கத்தாது. அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எஸ்தர் தன் காதுக்குள் கேட்டதைத்தான் சொன்னாள். சாலிசிலிக் அமிலம் ரத்தத்தில் ஏறினால் முதலில் காதில் இரைச்சல், பிறகு வாந்தி, பிறகு மூச்சு, பிறகு புத்தி தடுமாற்றம். படிக்கும்போது வாய்ப்பாடு மாதிரி நான் ஒப்பித்த வரிசை அது. அவள் வரிசை தவறாமல் வந்து ஒன்றாம் எண்ணைச் சொன்னபோது நான் பொதுமக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சேலை முடிச்சில் தலைவலி மாத்திரை அட்டையும் இருந்தது. பெட்டிக்கடை ஆஸ்பிரின். அதுவும் அதே குடும்பத்து அமிலம்தான். போட்டுக்கொள் என்று நான்தான் சொன்னேன்.

சிரிஞ்சை வைத்தேன். தாளை எடுத்து, துடைத்துக் கழுவி, ரத்தத்தைச் சரிப்படுத்துகிற குளுக்கோஸும் சோடா உப்புக் கரைசலும் ஏற்றினோம். அதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் இடத்தில் அதற்குமேல் வசதி இல்லை. சிறுநீரகம் ஒத்துழைக்கவில்லையென்றால் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டிவரும். கம்பம் வழியாகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்தேன். கூடவே கடிதம் எழுத வேண்டும். இரண்டு வரியில் "விஷம் குடித்ததாகச் சந்தேகம்" என்று எழுதியிருந்தால் என் பெயர் கறைபடாமல் இருந்திருக்கும். ஆனால் அங்கே போனதும் குடலைக் கழுவி, நான் கீழே வைத்துவிட்ட அதே ஊசியை அவர்கள் போட்டிருப்பார்கள். பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்புறம் எழுதினேன்: களிம்பு கொடுத்தது நான், அளவு சொல்லாதது நான், காது இரைச்சலை அலட்சியம் செய்ததும் நான். கீழே கையெழுத்தும் போட்டேன். எழுதி முடித்ததும் என்னைப் பற்றி எனக்கே மரியாதை வந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் கல்யாண வீட்டிலேயே சொல்லியிருப்பேன்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. டாக்டர்கள் படித்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கையில் டிரைவர் கொடுத்த பதில் மட்டும்தான் இருந்தது. எஸ்தரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சாமுவேலும் ஏறப் போனார். எஸ்தரின் அண்ணன் அவரை இழுத்துக் கீழே தள்ளி முகத்தில் குத்தினார். என் தங்கச்சிய மருந்து குடிக்க வச்சிட்டு எங்கடா வாற என்று கேட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இரண்டு எட்டு வைத்து வெளியே போய், அவள் எதையும் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் போதும். கூட்டம் கொதித்துப்போயிருக்கிறது, இப்போது சொன்னால் ஆஸ்பத்திரியை உடைப்பார்கள், நாளைக்கு நிதானமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொன்னேன். எல்லாம் நியாயமான காரணங்கள். கோழைத்தனத்துக்கு நியாயமான காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

சிஸ்டர் எஸ்தரோடு கீழே போனார், அண்ணனும் போனார். சாமுவேல் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அன்று நான் அவரைத் தாண்டி மூன்று தடவை போனேன். வாய் வீங்கியிருந்தது. ஒரு தடவை டீ வேண்டுமா என்று கேட்டேன், அவ்வளவு கருணை எனக்கு இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிஸ்டர் திரும்பி வந்தார். எஸ்தர் கண் விழித்து எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படவில்லை, இரைச்சலும் குறைந்து வருகிறது என்றார். எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. சிஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"வராந்தாவில இருக்கிற ஆளோட முகத்த நீங்க கண்டீங்களா டாக்டரே? அவன்ட்ட இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பறையலியா?"

பறையவில்லை. போய் அவர் முன்னால் நின்று சொன்னேன். எஸ்தர் பிழைத்துவிட்டாள் என்பதை முதலில் சொன்னேன், பிறகு மற்றதை. அவர் எழுந்து நின்று கேட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். காலையில் பேர் வாசிக்கிற இடத்தில் எல்லாரும் நின்றார்கள், ஜீப்பும் நின்றது. அங்கே தமிழில் சொன்னேன். எஸ்தர் மருந்து குடிக்கவில்லை, நான்தான் அளவு சொல்லாமல் களிம்பு கொடுத்தேன், காது இரைச்சல் என்று அவள் வந்தபோது கேலி பண்ணி அனுப்பினேன், அவள் தோல் நோய் யாருக்கும் ஒட்டாது. யானைக்கும் அடி சறுக்கும் டாக்டரம்மா என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். சறுக்கியவர்கள் எல்லாம் தங்களை யானை என்று நினைத்துக்கொள்ள இந்தப் பழமொழி எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஆஸ்பத்திரியை யாரும் உடைக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில், எஸ்தரோடு உட்கார மறுத்த பெண்களில் நான்கு பேர் குதிகால் வெடிப்போடு வந்து, எஸ்தர் காலை வழுவழுப்பாக்கிய அதே களிம்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்தேன். எத்தனை விரல் எடுக்க வேண்டும், எங்கே தடவக் கூடாது, எது வந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் திரும்பச் சொல்ல வைத்துத்தான் விட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எஸ்தர் ஒரு மாதத்தில் வேலைக்கு வந்தாள், ஜீப்பில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது தோட்டத்தில் உண்மையைச் சொன்ன அந்தக் காலைப்பொழுதைப் பற்றி. பேசி முடித்ததும் சாமுவேலைக் கம்பம் பஸ் ஏற்றிவிட ரோட்டுவரை நடந்தேன். பஸ் வரும்வரை நின்றோம். மன்னித்துக்கொள்ளுங்கள், நேற்றே சொல்லியிருக்க வேண்டும், ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்றேன். ஒரு நாள்தானே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ பொழச்சிட்டா, அது போதும் டாக்டரம்மா" என்றார். வீங்கிய வாயால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. "ஆனா நேத்து பூரா அங்கன உக்காந்து யோசிச்சேன். அவ மருந்து குடிக்கிற அளவுக்கு நம்ம என்ன பண்ணிட்டோம்னு, கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன்."

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"பாத்தா, ரெண்டு மூணு கெடச்சிச்சு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.